மூன்று புள்ளி ஆறு

நாலு புள்ளி எட்டு என்றால் ஐந்துக்கு நாலு புள்ளி எட்டு, அப்படியானால் மிச்சமிருக்கிற அந்தப் புள்ளி இரண்டு யார், அந்தப் புள்ளி இரண்டுக்குள் எத்தனை பேர் கட்டில் கட்டிலாகப் படுத்துக்கிடந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள் என்று நம்பிராஜனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்பதே முக்கால். ராத்திரி முழுக்கப் பால் கம்பெனியில் நின்ற கால்கள் பாயில் நீட்டிய பிறகும் நின்றுகொண்டேதான் இருந்தன. ஜன்னலில் அடித்திருந்த பழைய போர்வையின் பொத்தல் வழியாக வெயில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்து கழுத்தில் விழுந்தது. புரண்டு படுத்தால் காதில், இன்னும் புரண்டால் கண்ணில். பகலில் தூங்குகிறவனுக்கு இந்த ஊரில் மரியாதை கிடையாது. பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர் வீட்டுக் குக்கர், பிளாஸ்டிக் குடம் விற்கிறவனின் ஒலிபெருக்கி எல்லாம் அவன் கண்ணை மூடட்டும் என்று காத்திருந்ததுபோல ஆரம்பிக்கும். இன்றைக்கு அவற்றைக் குறை சொல்லவும் வழியில்லை, தூங்கவே நேரமில்லை. பன்னிரண்டு மணிக்குள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை மனைவி ஆவுடைக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். நாலு மாதமாக ரத்தம் போய்க்கொண்டே இருந்ததில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஏழு புள்ளி எட்டில் வந்து நிற்கிறது. இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டுத்தான் மேஜையில் போட முடியும், இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாள். "நாலு ஆஸ்பத்திரிக்கும் நான்தான் போயி ஆபரேஷன் பண்ணுறேன். எங்க சேக்கணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க." எது நல்ல ஆஸ்பத்திரி டாக்டர்? "எல்லாம் நல்ல ஆஸ்பத்திரிதான்." அதுல ரொம்ப நல்லது எது? "உங்களுக்கு எது தோதோ அது." கத்தரிக்காய் வாங்கப் போனால்கூடக் கடைக்காரன், அது நேத்துக் காய் அண்ணாச்சி, இதை எடுங்க என்று கையைத் தட்டிவிடுவான். பத்து வருஷம் படித்த அம்மாளுக்கு அந்தக் கத்தரிக்காய் நியாயம் இல்லை. சரி, அவனே பார்த்துக்கொள்வான். யார் சொல்லிக்கொடுத்து அவன் எதைத்தான் கற்றான்? எட்டாம் வகுப்போடு நின்றவன் தானாகவே படித்துத்தான் லாக்டோமீட்டரும் கொழுப்புக் கணக்கும் கைக்கு வந்து, இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி பால் கம்பெனி ஆய்வக மேஜை முன்னால் நிற்கிறான். மகள் செண்பகா கல்யாணத்துக்கு முன்னால் பாதி எழுதிப் போட்டுவிட்டுப் போன நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று ஆஸ்பத்திரிக்கும் மூன்று கட்டம் அடித்திருந்தான். வைபவம் மல்டி ஸ்பெஷாலிட்டி, நாலு புள்ளி எட்டு. பொன்ராஜ் நர்சிங் ஹோம், நாலு புள்ளி மூன்று. நியூ லைஃப், நாலு புள்ளி ஐந்து. மூன்று கட்டம். நாலாவதாக ஒரு கட்டத்துக்குத் தாளில் இடம் இருந்தது. ஸ்கேல் அங்கே போகவில்லை.

கட்டம் அடித்தது சுலபம், அதற்குள் எதை வைப்பது என்பதில்தான் மூன்று நாளாகத் தாவு தீர்ந்தது. போனில் ஆஸ்பத்திரிக்கு ஸ்டார் போட்டவர்கள் ஒவ்வொருத்தராக எழுதியிருப்பதை வாசித்துக்கொண்டே போனால் ஆஸ்பத்திரியைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது. பார்க்கிங் வசதி இல்லை, ஒரு ஸ்டார். டாக்டர் கடவுள், ஐந்து ஸ்டார். கேன்டீன் பொங்கலில் மிளகு அதிகம், இரண்டு. நான் இங்கே சிகிச்சைக்குப் போனதில்லை, வெளியிலிருந்து பார்க்கக் கட்டடம் நன்றாக இருக்கிறது, நாலு. ஒருத்தன் எழுதியிருந்தான்: மனைவிக்குச் சுகப்பிரசவம், நர்சுகள் நன்றாகக் கவனித்தார்கள், பெண் குழந்தை, மூன்று ஸ்டார். அந்த இரண்டு ஸ்டாரை எதற்குப் பிடித்துக்கொண்டாய் பாவி என்று நம்பிராஜன் வாய்விட்டே கேட்டான். தையல் சீழ் பிடித்ததா, மயக்கம் தெளிகிறபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா, ரத்தம் நிற்காமல் போனால் ராத்திரி டாக்டர் மாடியில் இருக்கிறாரா, அல்லது தொலைவில் தூங்குகிறாரா என்று எவனாவது எழுதுகிறானா? டிவி இருக்கிறதாம். ராத்திரி ஷிப்டில் கூட நிற்கிற மைக்கேலும் அதைத்தான் சொன்னான். "அண்ணாச்சி, எங்க மச்சினிக்கு வைபவத்துலதான் பாத்தோம். ரூமுக்குள்ள ஏசி, டிவி, பிரிட்ஜு. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பொக்கே குடுத்தான் பாத்துக்கிடுங்க, எங்க மச்சினி அழுதுட்டா." மச்சினிக்கு என்ன ஆபரேஷன்டே? "அது என்னவோ பொம்பளையாளு சமாச்சாரம், நான் கேக்கல." பொக்கே ஞாபகம் இருக்கிறது, வயிற்றைக் கிழித்தது எதற்கென்று தெரியவில்லை. வைபவத்தின் நாலு புள்ளி எட்டில் அவனுடைய ஐந்தும் ஒன்று இருக்கிறது என்பது இன்னொரு கூத்து. போன மாதம் ஸ்கேன் எடுக்கப் போனபோது வரவேற்பில் இருந்த பெண், சார் போனைக் கொஞ்சம் குடுங்களேன் என்று வாங்கி, என்னவோ தட்டி, தாங்க்யூ சார் என்று திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நம்பிராஜன் ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறான். 'சிறந்த சேவை.' அப்போது ஆவுடை ஸ்கேன் மேஜையில்கூட ஏறவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு வயிறு முட்ட உட்கார்ந்திருந்தாள். பால் டேங்கரில் இந்த வேலை நடக்காது. டேங்கர் வந்து நின்றதும் மேல்மூடியைத் திறந்து, கலக்கியை விட்டுப் பத்து நிமிஷமாவது கலக்கிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். கலக்காமல் மேலாக மொண்டால் பூராவும் ஆடை, கொழுப்பு ஏழு காட்டும். அடியில் மொண்டால் வெறும் தண்ணீர், இரண்டு காட்டும். டிரைவர்கள் அவசரப்படுத்துவார்கள். "போதும் அண்ணாச்சி, கலக்குன கலக்குல வெண்ணெயே வந்துரும் போல." அவன் விட மாட்டான். இந்த ஸ்டார்களை யாரும் கலக்கவில்லை. ரொம்பக் குளிர்ந்தவன் மேலே மிதக்கிறான், ரொம்ப எரிந்தவன் அடியில் கிடக்கிறான், நடுவில் இருக்கிற மொத்தப் பாலும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறது. அப்படியானால் எதற்கு வாசித்துக்கொண்டிருக்கிறாய்? வேறு என்ன செய்ய? ஆவுடையை நம்பிக் கொடுக்கிற இடம். கையில் இருக்கிற கரண்டி இது ஒன்றுதான்.

ஆவுடை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளுத்த உதடு, நெற்றியில் குளித்த ஈரம், கையில் ஒயர்க்கூடை. இரண்டு எட்டு வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நிற்பதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று சுவரில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல நகத்தால் சுரண்டினாள். "இன்னும் தூங்கலியா நீங்க? என்னத்த அப்படிப் பாத்துக்கிட்டே கெடக்கீய?" உனக்குத்தான் பாக்கேன் என்றான். "எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட எங்க அப்பா இவ்வளவு பாக்கல. ஒரு நாள் பாத்தாவ, மறுநாள் தட்ட மாத்திட்டாவ." அதான் இப்படி மாட்டிக்கிட்ட. "ஆமா, அன்னைக்கு இந்த ஸ்டாரு இருந்திருந்தா உங்களுக்கு என்ன போட்டிருப்பாவளோ." சிரிக்க வந்தது, சிரிக்கவில்லை. அவள் குனியாமல் காலாலேயே நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கட்டங்களைப் பார்த்தாள். "மூணுதான் இருக்கு. டாக்டரம்மா நாலுல்லா சொன்னாவ? மணிக்கூண்டு எங்க?" மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த ஆஸ்பத்திரிக்கே ஊரில் அதுதான் பேர். அது மூணு புள்ளி ஆறு, என்றான். "மூணு புள்ளி ஆறுன்னா பெயிலா?" அது வேண்டாம். "ஏன் வேண்டாம்?" பெரியண்ணனை அங்க வச்சுத்தான் பறிகொடுத்தோம், தெரியாத மாதிரி கேக்க. ஆவுடை நோட்டைக் காலாலேயே திரும்ப அவன் பக்கம் தள்ளினாள். பிறகு, "பெரியத்தானுக்கு ஈரல் போயிட்டு. ஆஸ்பத்திரி என்ன செய்யும்?" என்றாள். அந்த நர்சு பதினோரு தடவை... என்று ஆரம்பித்தவளை, நிறுத்துடி என்றான். சத்தம் அவனுக்கே அதிகமாகக் கேட்டது. எதிர் வீட்டுக் குக்கர்கூட நின்றது. அவள் கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "கோதுமை அரைக்க மில்லுக்குப் போயிட்டு வாரேன். மெதுவாத்தான் போவேன், ஆட்டோல போவேன், உடனே ஆரம்பிக்காதீய. நீங்க உங்க ஸ்டாரை எண்ணுங்க." போகிறபோது ஜன்னல் போர்வையை இழுத்துப் பொத்தலின் மேல் ஒரு மடிப்பு விழும்படி விட்டுப் போனாள். வெயில் கழுத்திலிருந்து எழுந்து போயிற்று. இருட்டில் போன் வெளிச்சம் மட்டும் முகத்தில் அடித்தது.

பதினோரு தடவை. நாலு புள்ளி எட்டு, நாலு புள்ளி மூன்று, நாலு புள்ளி ஐந்து, பதினோரு தடவை. ஸ்டாரை விட்டுவிட்டு, காப்பீட்டுத் திட்டத்துக்காரர்கள் வெளியிட்டிருக்கிற பட்டியலுக்குப் போனான். அது கலக்கிய பட்டியல். நூறு ஆபரேஷனில் எத்தனை பேருக்குப் புண் சீழ் வைத்தது, எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்து படுத்தார்கள் என்று வரிசையாக எண். வைபவம், நூற்றுக்கு நாலு. நியூ லைஃப், மூன்று. பொன்ராஜ், தகவல் தரப்படவில்லை. தகவல் தரப்படவில்லையாம், ஒரு டேங்கர் டிரைவர் வந்து கொழுப்பு எவ்வளவு என்றால் தகவல் தரப்படவில்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம், கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். அதற்கு அடுத்த வரியில் கட்டைவிரல் இருந்தது. மூன்று நாளாக அந்த வரி வருகிறபோதெல்லாம் கட்டைவிரல் சரியாக அங்கே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும், முதல் நாளே தெரியும். மணிக்கூண்டு, நூற்றுக்கு ஒன்று. ஒன்று. டேங்கர் டேங்கராக எண்ணைப் பார்த்து, எண்ணை நம்பி, எண்ணுக்காக டிரைவர்களோடு மல்லுக்கட்டி வயிறு வளர்த்தவன், ஒரு எண்ணை விரலால் மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். அந்த ஒன்றில் தப்பு இருக்கும். இருக்கும், ஏன் இருக்காது? அண்ணன் கோமதிநாயகம் அங்கேதான் போனான். மூன்று நாள் தீவிர சிகிச்சை, கண்ணெல்லாம் மஞ்சள், மூன்றாம் நாள் சாயங்காலம், நீ டூட்டிக்குப் போ, நான் எங்க போயிரப் போறேன் என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். காலையில வந்துருதேன் என்று நம்பிராஜனும் சிரித்தான். சேர்க்கிறபோது கொடுத்த படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள என்று இரண்டு கோடு இருந்தது. இரண்டாவது கோட்டில் ஆவுடையின் நம்பரை எழுதச் சொல்லி அங்கே இருந்த நர்சு, ஜெபக்கனி என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பெண், பேனாவை நீட்டினாள். ஒரு நம்பர் போதும் சிஸ்டர், நான் இருக்கேன்லா என்றான். நான் இருக்கேன்லா. பால் கம்பெனியில் உள்ளே போகிறவன் தலைக்குத் தொப்பி, காலுக்கு பூட்ஸ் போட்டு, போனை வாசலில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகப் பூட்டும், சாவியைத் தானாக இடுப்பில் சொருகும். அன்றைக்கும் பூட்டியது. காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது போன் அமைதியாகத்தான் இருந்தது. திரையில் ஒரே நம்பர், அடுக்கடுக்காக. நாலு ஒன்று இரண்டில் முடிகிற ஆஸ்பத்திரி நம்பர். இரண்டு மணி பத்திலிருந்து நாலு மணி நாற்பது வரை பதினோரு தடவை. வீட்டில் ஆவுடை தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு தடவை அடித்திருந்தால் எழுந்திருப்பாள். அவள் நம்பர் எந்தக் கோட்டிலும் இல்லை.

சரி, கிடக்கட்டும், இப்போது அண்ணனைப் பற்றியா பேச்சு, ஆவுடையைப் பற்றி. எழுந்து உட்கார்ந்தான். மணி பதினொன்றே கால். எங்கே போயிற்று இவ்வளவு நேரம், மில் என்ன நாகர்கோவிலிலா இருக்கிறது? டாக்டரம்மாவிடம் பேசுவதற்கு முன்னால் கடைசி ரத்தப் பரிசோதனையின் தேதி வேண்டும், கேட்பாள். பீரோ மேல் மஞ்சள் ஃபைல் இருக்கும். பீரோ மேல் தூசியில் ஃபைலின் அளவுக்கு ஒரு சுத்தமான செவ்வகம் மட்டும் இருந்தது. சாமி படத்துக்குக் கீழே பார்த்தான், டிவிக்குப் பின்னால் பார்த்தான். அடுக்களைக்குப் போனான். அடுப்பு மேடைக்கு அடியில் கோதுமை டப்பா. தூக்கினான். கனத்தது. கழுவிக் காயவைத்த கோதுமை கழுத்து வரை அப்படியே இருந்தது. டப்பாவைத் தரையில் வைத்தான். அவள் நம்பருக்கு அடித்தான், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல், பிறகு அதையே இந்தியில் சொன்னது. ஒயர்க்கூடையில் கோதுமைக்குப் பதில் ஃபைலை வைத்துக்கொண்டு, ஏழு புள்ளி எட்டோடு, ஒற்றையாளாகப் போயிருக்கிறாள். எங்கே போயிருப்பாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அங்கேதான். அங்கே போய் அந்த நர்சைப் பார்ப்பாள், அந்த நர்சு... அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தான். மணிக்கூண்டு ஆஸ்பத்திரி. மூன்று புள்ளி ஆறு. குறைந்த ஸ்டாரிலிருந்து வரிசைப்படுத்து. முதலாவதாக அவன் பேர்தான் வந்தது. இரண்டு வருஷமாக முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். 'மனிதத்தன்மை இல்லாத ஆஸ்பத்திரி. என் அண்ணன் உயிர் பிரிகிற நேரத்தில் எங்களுக்கு எந்தத் தகவலும் சொல்லவில்லை. ஓடிப் போனால் ஜெபக்கனி என்கிற நர்சு பத்து நிமிஷம் கதவைத் திறக்காமல் வெளியே நிறுத்திவைத்தார். இங்கே யாரும் போக வேண்டாம்.' ஒரு ஸ்டார். இருநூற்றுப் பதினாலு பேருக்கு இது பயனுள்ளதாக இருந்ததாம். பயனுள்ளது! அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைப் பதினாறாம் நாள் கழிந்து ஆவுடைதான் சொன்னாள். குழாயெல்லாம் எடுத்து, வாயோரம் கட்டியிருந்த ரத்தத்தைத் துடைத்து, தாடையைக் கட்டி, கண்ணைச் சேர்த்து மூடி, தலையைச் சீவிவிட்டிருக்கிறாள். தம்பி வாராவ, இப்படியே பாக்க விடக் கூடாது என்று. கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்காமல் போன பிறகு கடைசி அரை மணி நேரம் கோமதிநாயகத்தின் கையை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாளாம். எந்தத் தகவலும் சொல்லவில்லை. இதை எழுதுகிறபோது அதே போனில், இரண்டு தட்டுத் தட்டினால் வருகிற இடத்தில், அந்தப் பதினோரு வரியும் இருந்தன. யார் மேலாவது ஒரு ஸ்டாரை எறிய வேண்டியிருந்தது, கண்ணாடியைப் பார்த்து எறிய முடியவில்லை. இருநூற்றுப் பதினாலு பேர். அதில் எத்தனை பேர் மணிக்கூண்டு வேண்டாம் என்று வைபவத்துக்குப் போய், நூற்றுக்கு நாலில் ஒருத்தராகப் படுத்தார்கள்? யாருக்காவது ஒரு அண்ணன் இருந்திருப்பான். நீக்கு என்பதை அழுத்தினான். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆமாம்டா, ஆமாம், இவ்வளவு நாள் கேட்காதவன் இப்போது நிச்சயம் கேட்கிறான். அழுத்தினான். வரிகள் போயின. அடியில் கிடந்த வேறொருவன், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு முதல் இடத்துக்கு ஏறினான். நம்பிராஜன் மேலே தள்ளிப் பார்த்தான். மூன்று புள்ளி ஆறு. வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்து பார்த்தான். மூன்று புள்ளி ஆறு. எழுதியபோதும் இந்தப் புள்ளி ஆறு அசைந்திருக்காது போல. எடுத்தாலும் அசையவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. எரிச்சலில் கோதுமை டப்பாவை எட்டித் தள்ளினான். மூடி கழன்று, அடுக்களை முழுக்கக் கோதுமை ஓடியது.

போன் கையிலேயே அடித்தது. நாலு ஒன்று இரண்டில் முடிகிற நம்பர். ஒரு மணி. அந்த நம்பரை அவன் சேமித்து வைத்ததே இல்லை, மறந்ததும் இல்லை. இரண்டாவது மணி. விரல் ஈரமாக இருந்தது, திரை வழுக்கியது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான்.

"ஏங்க, நாந்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, இவுக போன்ல இருந்து பேசுதேன்."

"எங்கட்டி இருக்க?"

"மில்லுல." சிரித்தாள். மூச்சு வாங்கியது. "வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காவ. டாக்டரம்மாட்டயும் பேசியாச்சு. நீங்க இனிமே யாருக்கும் போன் போடாண்டாம், தூங்குங்க."

"ஒத்தையில ஏன் போன? மயங்கிக் கியங்கி விழுந்தா?"

"விழுந்தா ஆஸ்பத்திரியிலதான விழுவேன். இந்தா பாருங்க, ஜெபக்கனி சிஸ்டர்தான் எழுதுது. ஆள் மாறவே இல்ல. ரெண்டு கோட்டுலயும் நம்பர் எழுதியாச்சு, உங்க நம்பரு, செண்பகா நம்பரு. உங்க நம்பரைப் பாத்துட்டுப் பேனாவைக் கீழ வச்சிட்டு. ராத்திரி கூப்பிட்டா சார் எடுப்பாங்களான்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? நீங்களே சொல்லுங்க, குடுக்கேன்."

போன் கை மாறுகிற சத்தம், யாரோ டோக்கன் முப்பத்தேழு என்று கூப்பிடுகிற சத்தம். பிறகு அந்தக் குரல் வந்தது. இரண்டு வருஷமாக அவன் தலைக்குள் அது கல்லு மாதிரி ஒரு குரலாக இருந்தது. இப்போது சளி பிடித்து, மெல்லிசாக, வேலைக்கு நடுவில் நிற்கிற ஒருத்தியின் குரலாக இருந்தது.

"ஹலோ, சார்?"

இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் லீவு என்று சொல்ல வேண்டும். சீவிவிட்ட தலையைப் பற்றி. இன்னும் என்னென்னவோ.

"எடுப்பேன், சிஸ்டர்," என்றான். அது போதாது போலிருந்தது. "நான் அங்கனதான் இருப்பேன். கட்டில் பக்கத்துலயே."

"லேடீஸ் வார்டுல ராத்திரி ஆம்பளையாளு இருக்கக் கூடாது சார்," என்றாள் ஜெபக்கனி. "வெளிய பெஞ்சு கெடக்கு, அதுல இருந்துக்கிடுங்க. நம்பரை ஒரு தடவை சொல்லுங்க, சரியா எழுதியிருக்கான்னு பாத்துக்கிடுதேன்."

கோதுமைக்கு நடுவில் உட்கார்ந்தபடி நம்பிராஜன் தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தான்.